ங்க போட்டால் ங்க

"ஏ புதுசு, இங்க வா."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முதல் நாள் காலை டெய்லரக்காவின் காதில் விழுந்த முதல் வாக்கியம் இதுதான். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஆள் இல்லை, சுவர் இருந்தது. ஈரம் ஊறி, பெயிண்ட் பொருக்குத் தட்டிப்போன கிழட்டுச் சுவர். அதைப் போய் யாரும் புதுசு என்று கூப்பிட மாட்டார்கள். ஆக, கூப்பிட்டது தன்னைத்தான். புரிந்ததும் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவசரப்படாமல் நடந்து போய், கூப்பிட்டவர் எதிரே நின்றார்.

"என்னப்பா, கூப்பிட்டியா?"

துவைக்கும் இயந்திரங்கள் போட்ட இரைச்சலில் இது எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது. ஆனால் துணி மடிக்கும் மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து, மடித்த துணியையே மறுபடி மடிக்க ஆரம்பித்தார்கள்.

கூப்பிட்டவர் அங்கே மேற்பார்வையாளர். இரைச்சலில் குரல் எடுபடாது என்று கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருப்பார். அதனால் அவருக்குப் பெயரே விசில். ஒரு தடவை ஊதினால் வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம், இரண்டு தடவை ஊதினால் சாப்பாட்டு நேரம், விடாமல் ஊதினால் யாரோ மாட்டிக்கொண்டார்கள். விசிலை எடுத்துவிட்டுப் பேசினாலும் அதே ராகம்தான். முதல் சொல் உச்சியில் ஏறி நிற்கும், கடைசிச் சொல் உதட்டுக்குள்ளேயே அவிந்துபோகும்.

"என்ன சொன்ன?"

"கூப்பிட்டியான்னு கேட்டேன்."

"மரியாதையாப் பேசு."

"நீ எந்த மரியாதை குடுத்தியோ அதையேதான் திருப்பிக் குடுத்தேன். வேற நல்ல மரியாதை வச்சிருந்தா எடு. அதையும் அப்படியே திருப்பித் தர்றேன்."

விசிலின் வாய் திறந்தது, மூடியது. பிறகு விசிலைத் தேடி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஊதவில்லை. வாய்க்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

டெய்லரக்கா சண்டைக்காரர் என்று நினைத்தால் தப்பு. நாற்பதைத் தாண்டிய வயதுவரை அவர் இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்ததே கிடையாது. தெருமுனையில் ஒரு கதவு அகலத்துக்கு ஒரு தையல் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்குள் வந்தவர்கள் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள், வாங்க போங்க என்றார்கள். தெருவையே மிரட்டுகிற போலீஸ்காரர்கூட வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இடுப்பை மட்டும் கொஞ்சம் தளர்த்திக் குடுங்கக்கா" என்றுதான் கேட்பார். அளவெடுக்க நிற்கிறவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். எதிரே நிற்கிறவர் கையில் கத்தரிக்கோல் இருக்கிறதே.

தெருவை அகலப்படுத்த வந்தவர்களுக்கு அளவெடுக்கத் தெரிந்திருந்தது, அக்காவைத் தெரிந்திருக்கவில்லை. கடை போயிற்று. தையல் இயந்திரம் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நுழைந்து, துணி காயப்போடும் கொடியாக மாறியது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வேனின் வருமானம் விடுதிவரைக்கும் போய்ச் சேரவில்லை. அப்போதுதான் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருக்கிறவர், யார் யாரையோ பிடித்து இந்தச் சலவைக்கூட வேலையை வாங்கிக்கொடுத்தார். முதலில் தற்காலிகம். மூன்று மாதம் போனதும் மேற்பார்வையாளர் நல்ல வார்த்தை சொன்னால் நிரந்தரம்.

அந்த நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய வாயில்தான் இப்போது விசில் இருந்தது.

சலவைக்கூடம் நடுவே ஒரு சுவரால் இரண்டாகப் பிரிந்திருந்தது. அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம். இயந்திரங்கள் சுவரிலேயே பொருத்தப்பட்டு, இரண்டு பக்கமும் கதவு வைத்திருந்தன. அழுக்குப் பக்கத்தில் போட்ட துணி துவைக்கப்பட்டு சுத்தப் பக்கத்தில் வெளியே வரும். ஆட்கள் மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகக் கூடாது. சுத்தப் பக்கத்தில் ஆளுயர உலர்த்திகள், ஆவியில் சூடாகும் ரோலர், மடிக்கும் மேசை, அடுக்கும் தட்டுகள். காற்றே வெந்து கிடக்கும். காலையில் வாரிய தலை, தேநீர் நேரத்துக்குள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கூடத்தில் 'ங்க' எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை டெய்லரக்கா இரண்டே நாளில் அளந்துவிட்டார். கொதிகலன் பார்க்கிற பாய்லர் தம்பிக்கு மீசையே சரியாக அரும்பவில்லை. அவருக்கு, "தம்பி வாங்க, டீ குடிச்சீங்களா?" துணி வண்டி ஓட்டுகிறவருக்கு, "பார்த்து எடுங்கண்ணே." பழுது பார்க்க வருகிறவருக்கு, அவர் எதையும் பழுது பார்க்காவிட்டாலும், "உட்காருங்க சார்." மடிக்கிற மேசையில் நிற்கும் பெண்களுக்கு, பேரன் பேத்தி எடுத்தவர்கள் உட்பட, "ஏய்", "இந்தா", "வா", "போ", "தூக்கு". கால்சட்டை போட்டவருக்கு ஒரு மீட்டர் மரியாதை தாராளமாகக் கிழித்துக் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஓரத்துண்டுகூட இல்லை.

டெய்லரக்காவுக்கு ஜோடியாகக் கஞ்சியக்காவைப் போட்டிருந்தார்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போடுவது அவர் வேலை. மற்ற நேரத்தில் படுக்கை விரிப்பு மடிப்பார். சொந்தக் கஞ்சியை அவரே குடித்தது மாதிரி முதுகு விறைப்பாக நடப்பார், உதடு அசையாமல் பேசுவார். பேசுவது அவர்தானா, பக்கத்தில் இருக்கும் உலர்த்தியா என்று சந்தேகம் வரும்.

"உனக்கு என்ன வந்தது?" என்றார் உதடு அசையாமல். "நிரந்தரம் ஆகற வரைக்கும் வாயைத் தைச்சு வச்சுக்கிட்டா என்ன?"

"தைக்கறது என் தொழில்க்கா. எதைத் தைக்கணும், எதை விடணும்னு தெரியும்."

"சரி, இந்த முனையைப் பிடி."

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, முனைகளைக் கைமாற்றி, பின்னுக்குப் போய், மறுபடி வர வேண்டும். இரைச்சலில் தாளம் தப்பாமல் இருக்க ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பிடி. உதறு. வா. குடு. போ. அன்று சொல்லும் முறை டெய்லரக்காவுக்கு வந்தது. அவர் ஆரம்பித்தார்.

"பிடிங்கக்கா. உதறுங்கக்கா. வாங்கக்கா..."

விரிப்பின் நடுப்பகுதி தொய்ந்து தரையில் உட்கார்ந்தது. தரையைத் தொட்டால் அது அழுக்குத் துணி. திரும்பவும் துவைக்கப் போக வேண்டும். மறுபடி ஒன்று எடுத்தார்கள். "பிடிங்கக்கா, உதறுங்கக்கா..." அதுவும் உட்கார்ந்தது.

"தாயே!" என்றார் கஞ்சியக்கா, இந்தத் தடவை உதடு நன்றாகவே அசைந்தது. "நீ வாாாங்ங்கக்கான்னு இழுத்து முடிக்கறதுக்குள்ள பெட்ஷீட் படுத்துத் தூங்கிடுது. இங்க வான்னா வா, போன்னா போ. துணிக்கு மரியாதை தெரியாது."

"துணிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"எனக்கு முதுகுவலிதான் தெரியும்."

டெய்லரக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்ணு செய்வோம்க்கா. கையில பெட்ஷீட் இருக்கற வரைக்கும் வா, போ. கீழ வச்சதும் நீங்க எனக்கு வாங்க, நான் உங்களுக்கு வாங்க."

கஞ்சியக்கா விரிப்பைப் பிடித்தபடியே நின்றார். "இத்தனை வருஷத்துல என்னை இந்த இடத்துல ஒருத்தரும் வாங்கன்னு சொன்னதில்ல."

"நான் இப்பத்தான வந்திருக்கேன்."

"பிடி," என்றார் கஞ்சியக்கா. "உதறு. வா. குடு. போ." விரிப்பு காற்றைக் குடித்துப் பொம்மென்று எழுந்து, நாலாக மடிந்து, மேசையில் உட்கார்ந்தது. அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் எதையோ திருடப்போகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாக, "தண்ணி குடிச்சுட்டு வாங்க," என்றார்.

விசிலுக்கும் டெய்லரக்காவுக்கும் இடையில் மட்டும் கணக்கு நேராகவே போனது. "ஏ, இங்க வா" என்றால், "வர்றேன், இரு." "அந்தத் துணிக்கட்டை எடு" என்றால், "நீ கொஞ்சம் தள்ளி நில்லு, எடுக்கறேன்." குரலில் கோபம் இருக்காது. வேலையில் குறை இருக்காது. காலையில் வைத்த கட்டு மத்தியானம் அளந்து பார்த்தாலும் ஒரே உயரத்தில் இருக்கும். குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காத ஆளைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று விசிலின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது வாரம் அவரை அழுக்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள்.

அங்கே கையுறை, முகக்கவசம், முழங்கால்வரைக்கும் ரப்பர் ஏப்ரன். வார்டுகளிலிருந்து மூட்டைகள் வந்து விழும். பிரித்து, இரத்தம் பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம், ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி தனியே. பாக்கெட்டுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஊசி இருந்தால் கையைக் குத்தும். கரண்டி வரும், செல்போன் சார்ஜர் வரும், ஒரு நாள் தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு செட் பல் வந்து டெய்லரக்காவைப் பார்த்துச் சிரித்தது. அவர் அதைக் கழுவி, உறையில் போட்டு, வார்டுக்கு அனுப்பிவைத்தார். நாற்றத்தில் முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் பசி ஜெயித்தது.

விசில் நடுச்சுவரின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கு அந்தப் பக்கம்?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. வந்து பாரேன்."

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார். அவர் பேச்சில் மூச்சு விட இடம் இருக்காது. முற்றுப்புள்ளியை எல்லாம் வார்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்.

"அண்ணி என்ன அண்ணி இது, ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சா இருக்கு, லிஃப்டுல ஒருத்தர் கேக்கறாரு சூப்பர்வைசரை வாடா போடாங்கறவங்க உங்க அண்ணியாமேன்னு, நான் எங்க போய் முட்டிக்கறது..."

"டா போடவே இல்லையே. அவர் டி போடல, நான் டா போடல. கணக்குச் சரியா வச்சிருக்கேன்."

"ஒரே ஒரு ங்க அண்ணி! போட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"அதையேதான் நானும் கேக்கறேன். அவர் வாய் தேயுமா?"

"அவர் மேல இருக்கறவர்!"

"மேலதான் இருக்காரு. பாய்லர் தம்பி எல்லாருக்கும் கீழ இருக்கான், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ங்க எங்கேருந்து வருது?"

நாத்தனார் விடவில்லை. சுற்றிலும் பார்த்தார். அவருடைய அண்ணன், அதாவது டெய்லரக்காவின் கணவர், ஜன்னலோரம் உட்கார்ந்து வேன் கண்ணாடியின் ரப்பரை ஒட்டிக்கொண்டிருந்தார். "அப்ப இவரு? இத்தனை வருஷமா அண்ணன் உங்களை நீ வா போன்னுதான சொல்றாரு, நீங்க ஏங்க வாங்கன்னுதான சொல்றீங்க, அங்க போய் இந்த நியாயத்தைக் கேட்டீங்களா?"

கணவர் ரப்பரில் ரொம்பக் கவனமானார்.

டெய்லரக்கா நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். இது ஒரு வாதத்துக்காகச் சொன்னது. ஆனால் வாதம் என்றால் ஊசி மாதிரி, எந்தப் பக்கம் குத்தினாலும் உள்ளே போகும். "நல்லாக் கேட்ட," என்றார் மெதுவாக. "நீ கேட்டதும் நல்லதாப் போச்சு."

மறுநாள் காலை கட்டிலோரம் காப்பியை வைத்துவிட்டு, "எந்திரி. ஆறுது," என்றார்.

கணவர் கண்ணைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "யாரைச் சொல்றே?"

"உன்னைத்தான். வேற யாரு படுத்திருக்கா?"

"என்னடி இது?"

"என்னடா?"

கணவர் எழுந்து உட்கார்ந்து, காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேனில் பிள்ளைகள் அடிக்கிற எல்லாக் கூத்தையும் பார்த்தவர்; சீக்கிரம் அசைய மாட்டார். இரண்டு மடக்குக் குடித்தார். "ஆஸ்பத்திரியில எடுக்கற துணியில ஏதோ கிருமி இருக்கு," என்றார். பிறகு சிரித்துவிட்டார். "நான் பிரியமாத்தானே சொல்றேன்."

"நானும் பிரியமாத்தான் சொல்றேன். கேக்க எப்படி இருக்கு?"

அவர் யோசித்தார். "முதல்ல திக்குனு இருந்தது. இப்ப காலேஜ்ல படிக்கற பிள்ளைங்க மாதிரி இருக்கு." காலி டம்ளரை நீட்டினார். "இன்னொரு வாய் காப்பி இருக்குங்களா?"

"இருக்குங்க. நீங்களே போய் ஊத்திக்கோங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது வேண்டுமானாலும் வரும், போகும், இரண்டு பக்கமும். ஆனால் நாத்தனாருக்குத்தான் நெஞ்சு அடைத்தது. தான் கிளப்பிவிட்டது வீடுவரைக்கும் வந்துவிட்டதே! "நீயும் என்னை நீன்னு சொல்லிக்கோ" என்று டெய்லரக்கா சொன்னபோது, "ஐயோ, வாயில வராது அண்ணி, ஆளை விடுங்க" என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

மூன்று மாதம் முடியும் நேரத்தில் விசில் நிர்வாக அதிகாரியிடம் புகார் செய்தார். அந்த அதிகாரியை எல்லோரும் மேடம் என்பார்கள். டெய்லரக்காவைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். கோபப்பட்டே பழக்கமில்லாத மாதிரி குளிர்ந்த குரல். அவர் அறையில் இருந்த ஏசியும் அந்தக் குரலில்தான் ஓடியது. விசில் ஒரு பக்கம் நின்றார். வேலை வாங்கிக்கொடுத்தவர் என்பதால் நாத்தனாரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் கதவோடு கதவாக நின்றார்.

"உட்காரும்மா," என்றார் மேடம். "என்னம்மா இது? சூப்பர்வைசரையே நீ வா போன்னு பேசுறியாமே?"

டெய்லரக்கா உட்கார்ந்தார். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், பதிலும் தயார். ஆனால் கேள்வி 'பேசுறியாமே' என்று முடியும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. இது விசில் இல்லை. இந்தப் பெண் ஒரு கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீடு. மகளின் விடுதி கண் முன்னால் வந்து போயிற்று. கதவருகே நாத்தனார் கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ங்க. இங்கே போட்டுவிட்டு வெளியே போய் நிமிர்ந்துகொண்டால் யாருக்குத் தெரியும்?

விசிலுக்குத் தெரியும். பெரிய மேசைக்கு ஒரு விலை, சின்ன மேசைக்கு ஒரு விலை என்று அவர் செய்வதையேதான் தானும் செய்ததாக ஆகும். பாய்லர் தம்பி கதை.

"ஆமாம்மா," என்றார் டெய்லரக்கா, குரலை உயர்த்தாமல். "நீ என்னைக் கேக்கற மாதிரிதான்மா அவரும் என்கிட்ட பேசுறாரு. எனக்கு என்ன வருதோ அதைத்தான் நான் திருப்பிக் குடுக்கறேன்."

கதவருகே ஒரு சின்னச் சத்தம். நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம்! பாத்தீங்களா!" விசிலின் முகம் முழுக்க விளக்கு எரிந்தது.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "என்னை என்ன சொன்னீங்க?"

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னேங்க மேடம்."

மேடம் தன் வாயிலிருந்து வந்த 'நீங்க'வையும் உடனே திரும்பி வந்த 'நீங்க'வையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாது. விசில் பக்கம் திரும்பினார்.

"நீங்க இவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"எல்லாரையும் கூப்பிடுற மாதிரிதான் மேடம்."

"அதுதான் எப்படி? கூப்பிட்டுக் காட்டுங்க."

விசில் டெய்லரக்காவைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இரைச்சலில் எத்தனையோ தடவை சொன்ன சொல், இந்த அமைதியில் வெளியே வர மறுத்தது. "சும்மா... வா... அந்த மாதிரி..." கடைசிச் சொல் வழக்கம்போல உதட்டுக்குள்ளேயே அவிந்தது.

நியாயம் வந்து எல்லாருக்கும் பூ போட்டுவிட்டுப் போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். மேடத்துக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல், தன் மேல் வந்த எரிச்சல் அதைவிட அதிகம். "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க இல்ல. இவங்க நடத்தையை இன்னும் மூணு மாசம் பார்க்கறேன். அதுக்கப்புறம் நிரந்தரம் பத்திப் பேசலாம்," என்றார். "போங்க" என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே 'ங்க' போட்டார்.

வெளியே நாத்தனார் அழுதுவிட்டார். "மூணு மாசம் போச்சே அண்ணி!"

"போகலடி, சேர்ந்துருக்கு. அனுப்பலயே!" என்றார் டெய்லரக்கா. ஆனால் அன்று மத்தியானம் பச்சைத் துணியை இரண்டு தடவை இரத்தத் துணியோடு போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தார். அதைப் பார்க்க மூட்டைகளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அவரைச் சுத்தப் பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது விசிலின் நல்ல மனசு இல்லை, படுக்கை விரிப்புகள். கஞ்சியக்காவுக்குப் போட்ட புது ஜோடிகளோடு தாளம் சேரவே இல்லை. பாதி விரிப்பு தரையில் உட்கார்ந்தது. கஞ்சியக்கா வேண்டுமென்றே கையை விட்டாரா என்று கேட்டால், முதுகுவலி என்பார்.

திரும்பி வந்த டெய்லரக்காவை விசில் கூப்பிடவே இல்லை. ஆனால் கேட்காமல் வேலை நடக்குமா? அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பக்கவாட்டில் நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, காற்றிடம் கேட்பார்.

"ரோலர் சூடாயாச்சா?"

"டிராலி போயாச்சா?"

"தலகாணி உறை எண்ணியாச்சா?"

நீயும் இல்லை, நீங்களும் இல்லை. வா இல்லை, வாங்க இல்லை. கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். மடிக்கும் மேசை முழுக்க வியந்து போயிற்று. "ஜெயிச்சுட்டடி!" என்றார் கஞ்சியக்கா, கையில் விரிப்பு இருந்ததால். டெய்லரக்காவும் கொஞ்ச நாள் "ஆச்சு", "போயாச்சு" என்று காற்றுக்கே பதில் கொடுத்தார்.

ஒரு நாள் விசில் துவைக்கும் இயந்திரத்தின் மூடியைத் தட்டி, "நின்னாச்சா?" என்று கேட்டார். அது இன்னும் நிற்கவில்லை. அங்கிருந்து அப்படியே திரும்பி, அதே குரலில், டெய்லரக்கா இருந்த திசையில், "மடிச்சாச்சா?" என்றார்.

டெய்லரக்காவுக்குச் சுருக்கென்றது. "அக்கா, என்னை மெஷினாக்கிட்டாருக்கா."

"அதுக்கு என்ன? மெஷினைத் திட்ட மாட்டாங்க."

"மெஷினுக்கு நல்ல வார்த்தையும் சொல்ல மாட்டாங்க."

அடுத்த மூன்று மாதம் முடிகிற நாள். அன்று சாயங்காலம் மேடத்திடம் போய் விசில் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். மறுநாள் ஆபரேஷன்களுக்கான பச்சைத் துணி செட்டுகளை எடுத்துப் போகத் தியேட்டர் ஊழியர் ஒருவர் வந்து, தன் டீ ஆறிப்போவதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வாசலில் நின்றார். செட்டுகள் எல்லாம் கட்டி, டிராலியில் ஏற்றி, மேலே துணி மூடித் தயாராக டெய்லரக்காவின் இடுப்போரம் நின்றன.

விசில் கடிகாரத்தைப் பார்த்தார். "தியேட்டர் செட் கட்டியாச்சா?"

பதில் இல்லை.

"கட்டியாச்சா?"

டெய்லரக்கா தலையணை உறைகளின் முனையை நேர்படுத்திக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றிக் கைகள் நின்றன.

"காது கேக்குதா, இல்லையா?" என்றார் விசில், காற்றிடம்.

"கேள்வி யாருக்கு வந்திருக்கு?" என்றார் டெய்லரக்கா, அவரும் காற்றிடம்.

"இன்னைக்கு மேல போய் என்ன சொல்றதுங்கறது இங்கதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

"அண்ணே, சீக்கிரம்ணே," என்றார் தியேட்டர் ஊழியர். "யாரையாவது கேட்டுச் சொல்லுங்கண்ணே!"

விசில் கடிகாரத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக டெய்லரக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் உதடு ஏதோ ஒரு எழுத்தைச் சுமந்துகொண்டு, எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் திண்டாடியது.

"கட்டியாச்சு..." என்றார். நிறுத்தினார். "...ங்களா?"

"கட்டியாச்சுங்க," என்றார் டெய்லரக்கா உடனே. டிராலியை அவர் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அப்புறம், அடியில வச்ச செட் அவசரத்துக்கு. அதை முதல்ல பிரிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

"சரிங்க," என்றார் விசில். இது தானாகவே வந்தது. வந்த பிறகுதான் அவரே கவனித்தார்.

சாயங்காலம் மேடம் அறையில் என்ன நடந்தது என்பதை நாத்தனார் கதவிடுக்கில் காது வைத்துக் கேட்டு வந்து சொன்னார். "வேலை சுத்தம் மேடம், வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொன்னாரு அண்ணி, அதுக்கு மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா, யாரு வாய்னு கேட்டாங்க அண்ணி, அவர் ஒண்ணும் சொல்லல, மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்க, ஐயோ, வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு, இனிமேலாவது அடங்கி இருங்க அண்ணி, அதான் நிரந்தரம் ஆச்சே!"

"நிரந்தரம் ஆகாதப்பவே அடங்கல. இப்ப எதுக்கு?"

மறுநாள் காலை இரைச்சல் வழக்கம்போலத் தொடங்கியது. டெய்லரக்காவும் கஞ்சியக்காவும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து ஒரு பெரிய விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள். விசில் வந்தார். டெய்லரக்காவுக்கு ஒரு தலையசைப்பு. "ரோலர் பாத்துக்கோங்க," என்றார். பிறகு கஞ்சியக்கா பக்கம் திரும்பியதும் குரல் பழைய இடத்துக்கே ஏறி உட்கார்ந்தது.

"ஏய், இந்தக் கோட்டுல கஞ்சி பத்தல. இங்க வா."

கஞ்சியக்கா விரிப்பை விடவில்லை. அவர் முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது. உதடு அசைந்தது, அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அசைந்தது.

"கையில வேலை இருக்குப்பா. நீ அதை அங்க வச்சுட்டுப் போ, அப்புறம் பாக்கறேன்."

டெய்லரக்கா, சிரிப்பில் தன் முனை நழுவிவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கற?" என்றார் கஞ்சியக்கா. "வா."